வானிலைப் பாடல்களும் எமது வகுப்பறைகளும்: ஒரு கிராமத்து ஆசிரியனின் குறிப்புகள்

எமது சிறுவர் இலக்கியம் பற்றி எழுதுவோர் வழமையாக இரண்டு குறைகளைச் சொல்வர். ஒன்று, நூல்கள் போதாது. மற்றையது, எழுதுவோர் போதாது. இரண்டும் உண்மையே. ஆயினும் இருபது வருடங்களாகத் தரம் ஒன்றிலும் இரண்டிலும் பாடம் நடத்திவரும் எனக்கு மூன்றாவதாக ஒரு குறையும் தெரிகின்றது. இருக்கின்ற பாடல்களை நாம் வகுப்பறையில் வைத்து மதிப்பிடுவதில்லை. கவியரங்கில் நன்றாக ஒலித்தது, பரிசு பெற்ற தொகுதியில் இடம்பெற்றது என்பதோடு திருப்தியடைந்து விடுகின்றோம். ஆறு வயதுப் பிள்ளையின் வாயில் அப்பாடல் எத்தனை நாள் உயிரோடு இருக்கின்றது என்று பார்ப்பதில்லை.

இக்கட்டுரையில் சிறுவர் பாடல்களுள் ஒரு வகையை மாத்திரம் எடுத்துக்கொள்கின்றேன். மழை, காற்று, வெயில், இடி, மின்னல் ஆகியவற்றைப் பாடும் வானிலைப் பாடல்களே அவை. இவற்றைத் தெரிந்தெடுத்தமைக்குக் காரணம் உண்டு. ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹாவில் தொடங்கி 1999இல் நாடு முழுவதும் தரம் ஒன்றில் நடைமுறைக்கு வந்தது. 'சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்' என்ற பாடம் எமது வகுப்பறைக்குள் புதிய வேகத்தோடு நுழைந்தது அந்தக் காலத்தில்தான். விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை எனக் கற்பித்தல் முறையும் மாறியது. பாட்டுக்கு அதில் பெரிய இடம் கிடைத்தது. எந்தக் கிராமத்துப் பாடசாலைக்கும் செலவில்லாமல் கிடைக்கும் கற்றல் சாதனம் வானம். யன்னலைத் திறந்தால் போதும். அந்த வானத்தையும் பிள்ளையையும் இணைக்கும் கயிறு பாட்டு. அந்தக் கயிறு எப்படித் திரிக்கப்பட்டிருக்கின்றது என்பதே எனது கேள்வி.

மதிப்பிடுவதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது. பாடி முடித்த பிள்ளை எழுந்து யன்னல் பக்கம் போகின்றதா? பாட்டில் கேட்டதை வெளியில் தேடுகின்றதா? தேடினால் அது நல்ல வானிலைப் பாடல். பாடி முடித்துக் கைதட்டிவிட்டுப் பேசாமல் அமர்ந்துவிட்டால், ஓசைநயம் எவ்வளவு இருந்தாலும் வானிலைப் பாடலாக அது தோற்றுவிட்டது. இலக்கிய விமர்சனத்துக்கு இந்த அளவுகோல் போதுமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வளர்ந்தோர் கவிதைக்குப் போதாதுதான். ஆனால் ஆறு வயதுக்கென எழுதப்பட்ட பாடலின் முதல் விமர்சகன் ஆறு வயதுப் பிள்ளையே. அவனுடைய கண் போகும் திசையை விட நம்பகமான சான்று எனக்குத் தெரியவில்லை.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் எமது பாடல்களில் கணிசமானவை இரண்டு காரணங்களால் தோற்கின்றன.

முதலாவது, அறிவுரை. மழை வருகின்றது என்று பாடல் தொடங்கும். இரண்டாவது கண்ணியிலேயே குடை பிடி, நனையாதே, சளி பிடிக்கும், பெற்றோர் சொல் கேள் என்று ஆசிரியர் உள்ளே புகுந்துவிடுவார். மழை ஓரமாக ஒதுங்கி நின்றுவிடும். மகாகவி பாரதியின் பாப்பா பாட்டிலும் அறிவுரை உண்டே என்று சிலர் வாதிடலாம். உண்டுதான். ஆனால் அந்தப் பாட்டைத் தொடக்கி வைப்பது ஓட்டமும் விளையாட்டும். அறிவுரை அதற்குப் பின்னால் வருகின்றது. பின்வந்த எமது பாவலர் பலர் அறிவுரையை எடுத்துக்கொண்டு ஓட்டத்தை விட்டுவிட்டனர். அதே பாரதி வளர்ந்தோருக்காகப் பாடிய 'மழை' என்ற பாடலைத் தரம் இரண்டுப் பிள்ளைகளுக்கு உரத்துப் பாடிக் காட்டியிருக்கின்றேன். சொற்களுக்குப் பொருள் விளங்கவில்லை. ஆனால் அதன் ஓசையிலேயே அவர்கள் இடியைக் கேட்டார்கள். ஒருவன் காதைப் பொத்திக்கொண்டான். எந்த அறிவுரைப் பாடலும் அந்தக் கையை மேலே தூக்கியதில்லை.

இரண்டாவது குறை, இடம் மாறிய வானம். இதுதான் எனக்குப் பாரதூரமாகப் படுகின்றது.

இலங்கை சிறிய தீவு. ஆயினும் அதன் வானம் ஒன்றல்ல. மே தொடக்கம் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று காலி, கொழும்பு, இரத்தினபுரிப் பக்கங்களில் மழையைக் கொட்டுகின்றது. அதே காற்று மத்திய மலைநாட்டைக் கடந்து எமது கிழக்குக் கரைக்கு இறங்கும்போது ஈரத்தை இழந்து, சூடேறி, வரண்ட காற்றாகின்றது. அதைத்தான் நாம் கச்சான் என்கின்றோம். எமது மழை ஒக்டோபரில் பின்னேரத்து இடியோடு தொடங்கி, நவம்பர், டிசம்பர், ஜனவரியில் வாடையோடு பெய்து ஓய்வது. ஆகவே, மே மாதம் மழைக்காலம் என்பது இரத்தினபுரிப் பிள்ளைக்கு உண்மை. அம்பாறைக் கரையோரத்துப் பிள்ளைக்கு அது பொய்.

ஆசிரியர் கலாசாலையிலிருந்து வெளியேறி முதல் நியமனம் பெற்ற வருடம், யூன் மாதத்தில் ஒரு நாள், மழைப்பாட்டு ஒன்றை அபிநயத்தோடு சொல்லிக் கொடுத்தேன். கலாசாலையில் பாராட்டுப் பெற்ற பாட்டு அது. வெளியே கச்சான் மணலை அள்ளி வீசிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு மறு கையால் மழைத்துளி காட்டினார்கள். பாடி முடிந்ததும் முன்வாங்கில் இருந்த பொடியன் ஒருவன் கேட்டான்: "சேர், இது எப்ப பெய்யுற மழ?" அன்று வகுப்போடு சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வி உறைத்தது. அவன் கேட்டது ஒரு விமர்சகனின் கேள்வி.

வயலைப் பற்றிய பாடல்களிலும் இதே நிலைதான். மழை பெய்தால் வயல் பச்சை, மழை இல்லாவிட்டால் வயல் மஞ்சள் என்று பாடல் சொல்லும். ஆனால் எமது ஊர்ப் பிள்ளை ஒரு துளி மழையும் இல்லாத யூன், யூலையில் கண்ணெட்டும் தூரம் வரை பச்சை வயலைப் பார்க்கின்றது. அது சிறுபோகம். கல்லோயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து வாய்க்கால் வழியாக வரும் தண்ணீர் அது. போன மாரியில் மலையடிவாரத்தில் பெய்த மழைதான் இந்தக் கச்சானில் வாய்க்காலில் ஓடுகின்றது. ஒரு பாட்டுக்கு இதை விட அழகான விடயம் வேண்டுமா? பழைய மழை புதிய நெல்லுக்கு வருகின்றது என்பதை ஆறு வயதுப் பிள்ளை ஒரு கதையாகவே புரிந்துகொள்ளும். என் கைக்குக் கிட்டிய தொகுதிகளில் இப்படியொரு பாடலை நான் காணவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கச்சான், வாடை, சோளகம், கொண்டல் என்று எமது வயல்காரரும் மீன்பிடிப்போரும் காற்றுக்குப் பெயர் வைத்திருந்தனர். பெயர் தெரிந்தால் திசை தெரியும். திசை தெரிந்தால் காலம் தெரியும். இன்று எனது வகுப்பில் கச்சான் என்றால் என்னவென்று கேட்டால் இருபத்தைந்து பிள்ளைகளில் இருபது பேர் கடதாசிச் சுருளில் விற்கும் கடலையைச் சொல்கின்றனர். பிழை பிள்ளைகளுடையதல்ல. அந்தச் சொல்லை அவர்களுக்குப் பாட்டில் கொடுக்க நாம் மறந்துவிட்டோம்.

அப்படியானால் நல்ல பாடல் எப்படி இருக்கும்? மூன்று உதாரணங்களைப் பார்ப்போம்.

நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) பாடிய ஆடிப்பிறப்புப் பாடல் தலைமுறைகளாக இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளின் வாயில் வாழ்கின்றது. கண்டிப்பாகப் பார்த்தால் அது வானிலைப் பாடல் அல்ல. ஆனால் ஒரு பருவம் வருவதைப் பிள்ளைக்கு எப்படி உணர்த்துவது என்பதற்கு அதுவே சிறந்த பாடம். நாளைய விடுமுறையைச் சொல்லி, கூழும் கொழுக்கட்டையும் உருவாகும் விதத்தைப் படிப்படியாகச் சொல்லி, ஆடி மாதத்தை அவர் சமையலறை வழியாகக் கொண்டு வருகின்றார். ஆடிப்பிறப்புக் கொண்டாடாத எமது வீட்டுப் பிள்ளைகளும் அதை விரும்பிப் பாடினர். காரணம், பொதுவான ஓர் ஆடியை அவர் பாடவில்லை. தன் ஊர் ஆடியைப் பாடினார். தன் ஊரைச் சரியாகப் பாடியவனை அடுத்த ஊரும் ஏற்றுக்கொள்கின்றது.

மற்றைய இரண்டும் ஆங்கிலத்தில் உள்ளவை. கலாசாலையில் எமக்கு ஆங்கிலம் கற்பித்த விரிவுரையாளர் இவற்றை அறிமுகப்படுத்தினார். கிறிஸ்டினா றொசற்றி 1872இல் வெளியிட்ட 'சிங் சோங்' என்ற சிறுவர் பாடல் தொகுதியில் காற்றைப் பற்றிய சின்னஞ்சிறு பாடல் ஒன்று உண்டு. காற்றை யார் கண்டது என்ற கேள்வியோடு அது தொடங்குகின்றது. யாரும் காணவில்லை என்று ஒப்புக்கொள்கின்றது. இலை நடுங்குவதையும் மரம் தலை சாய்ப்பதையும் காட்டி, அதனால் காற்று போவதை அறிகின்றோம் என்று முடிக்கின்றது. கண்ணுக்குத் தெரியாததை அதன் விளைவால் அறிதல் என்பது விஞ்ஞானத்தின் அடிப்படை. எட்டே வரிகளில் ஒரு குழந்தைக்கு அதை அவர் கொடுத்துவிட்டார். றொபேட் லூயி ஸ்டீவன்சன் 1885இல் வெளியிட்ட தொகுதியில் நான்கு வரி மழைப்பாட்டு ஒன்று இருக்கின்றது. வயல், மரம், குடை, கடலில் போகும் கப்பல் என்று மழை எங்கெல்லாம் விழுகின்றது என்பதை மாத்திரம் அது சொல்கின்றது. அறிவுரை ஒரு சொல்லும் இல்லை. பிள்ளையின் கண் அருகிலிருந்து தூரத்துக்குப் போகின்றது. அவ்வளவுதான். அந்த அவ்வளவும் போதுமாக இருக்கின்றது.

இம்மூன்றும் கேட்கின்ற பிள்ளைக்கு ஏதோ ஒரு வேலையைக் கொடுக்கின்றன. தேடு, பார், எண்ணு, ருசி என்கின்றன. எமது நாட்டார் மரபுக்கும் இது புதிதல்ல. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் கிழக்கிலங்கை முஸ்லிம்களின் நாட்டார் பாடல்களைத் தேடித் திரட்டி நூலாக்கிப் பெருந்தொண்டு செய்திருக்கின்றனர். கல்ஹின்னையின் எம்.ஸி.எம். ஸுபைர் போன்று சிறுவருக்காகவே பாடியோரும் எம்மிடையே இருந்தனர். இருந்தும் கவிகளுக்கும் தாலாட்டுகளுக்கும் கிடைத்த கவனம், பிள்ளைகள் தாமாகவே முற்றத்தில் கட்டிப் பாடிய துண்டுப் பாட்டுகளுக்குக் கிடைக்கவில்லை என்பது எனது ஆதங்கம். மழை தூறும்போது கூரைத் தாழ்வாரத்தில் நின்று கைநீட்டிப் பாடியவை அவை. பாடியவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.

வகுப்பறைக்கு வருவோம். அந்தப் பொடியனின் கேள்விக்குப் பிறகு நான் ஒரு விதி வகுத்துக்கொண்டேன். எந்த வானிலைப் பாட்டையும் அந்த வானிலை வெளியே நடக்கும் நாளிலேயே சொல்லிக் கொடுப்பது. பாடத்திட்ட ஒழுங்கு முன்பின்னாகும். ஆகட்டும். தூறல் விழும் நாளில் ஒரு விரலால் மறு உள்ளங்கையில் தட்டத் தொடங்குவோம். மழை வலுக்க இரண்டு விரல், மூன்று விரல், பின் முழுக்கை. அடைமழைக்கு மேசையில் றபான் தாளம். மழை குறையக் குறைய விரலும் குறையும். தாளத்தைத் தீர்மானிப்பது நானல்ல, கூரைத் தகரம். பிள்ளைகள் வாய் மூடிக் காது கொடுத்துக் கேட்பது அப்போதுதான். அடுத்த நாள் முற்றத்தில் வைத்த பால்மாப் பேணியில் தேங்கிய தண்ணீரை அடிமட்டத்தால் அளந்து சுவரில் எழுதுவோம். மில்லிமீற்றர் என்ற சொல் அவர்களுக்கு அப்படித்தான் வந்தது.

மின்னலுக்கு ஓர் எண்ணும் பாட்டு வைத்திருக்கின்றோம். மின்னலைக் கண்டதும் நிறுத்தி நிறுத்தி ஒன்று, இரண்டு என்று எல்லோரும் சேர்ந்து பாடுவோம். இடி கேட்டதும் நிறுத்துவோம். ஒலி ஒரு செக்கனில் ஏறத்தாழ 340 மீற்றர் தூரம் போகின்றது. எனவே மூன்று எண்ணினால் இடி ஒரு கிலோமீற்றருக்கு அப்பால். முப்பதை எண்ணி முடிப்பதற்குள் இடி கேட்டால் யாரும் முற்றத்தில் நிற்கக்கூடாது என்பது எமது வகுப்பின் சட்டம். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேரத்தில் இடி மின்னல் மிகுந்த எமது நாட்டில் இது விளையாட்டும் பாதுகாப்பும் ஆகும். இடிக்குப் பயந்து அழும் பிள்ளை எண்ணத் தொடங்கினால் அழுகையை மறந்துவிடுகின்றது. பயத்துக்கு ஒரு வேலை கொடுத்தால் அது பாதியாகின்றது.

கச்சானுக்குப் பாட்டு இல்லாதபடியால் பிள்ளைகளே ஒன்று கட்டினார்கள். இழுத்து அடித்த கதவுதான் அதன் தொடக்கம்.

கச்சான் காத்து வந்திட்டு
கதவப் போட்டு அடிச்சிட்டு
உம்மா காயப் போட்ட சட்ட
ஊரு தாண்டிப் பறந்திட்டு

இதில் கவித்துவம் தேட வேண்டியதில்லை. ஆனால் மூன்றாவது வரி திறந்து கிடக்கின்றது என்பதைக் கவனிக்க வேண்டும். வாப்பாட தொப்பி, ராத்தாட கொப்பி, சேர்ட குடை என்று ஆளுக்கொன்றாக மாற்றிப் பாடுவார்கள். எழுத வராத பிள்ளையும் ஒரு வரிக்குச் சொந்தக்காரனாகின்றது. சொந்தக்காரனான பிறகு அந்த வரியை எழுதிப் பார்க்கவும் ஆசைப்படுகின்றது.

ஒருமுறை வகுப்பைப் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் 'காத்து', 'பறந்திட்டு' என்ற சொற்களைக் கண்டு முகம் சுளித்தார். காற்று என்றும் பறந்துவிட்டது என்றும் எழுதவேண்டும் என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. எமது பிள்ளைகள் திருத்தமான தமிழை எழுத வேண்டும். பேச்சுத் தமிழால் மாத்திரம் பரீட்சை எழுத முடியாது. ஆனால் அவர் சொன்னபடி மாற்றிப் பாடியபோது தாளம் உடைந்தது, பிள்ளைகளின் முகமும் வாடியது. கடைசியில் ஒரு வழி கண்டோம். கரும்பலகையின் இடப்பக்கம் பாடும் சொல், வலப்பக்கம் எழுதும் சொல். காத்து – காற்று. பறந்திட்டு – பறந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு. ஒரே பாட்டில் இரண்டு தமிழையும் பிள்ளை கண்டுகொண்டது. வீட்டு மொழியைப் பாடசாலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வா என்று சொல்வதை விட இது நல்லது.

இனி நான் மனம் மாறிய ஒரு விடயத்துக்கு வருகின்றேன்.

மழையைப் போய்விடு, இன்னொரு நாள் வா என்று விரட்டும் ஆங்கிலப் பாலர் பாடல் எல்லோருக்கும் தெரியும். அதன் பழைய வடிவங்கள் பதினேழாம் நூற்றாண்டிலேயே எழுத்தில் பதிவானவை. குளிரும் ஈரமும் மிகுந்த நாட்டுப் பிள்ளைகள் வெயிலுக்கு ஏங்கிப் பாடியது. இதை எமது பாலர் பாடசாலைகளில் பாடுவதை நான் பல வருடங்களாகக் கண்டித்து வந்தேன். ஆசிரியர் கூட்டங்களில் பேசியுமிருக்கின்றேன். மழை எமக்கு றஹ்மத். மழைத் தொழுகை தொழுது கேட்டுப் பெறும் சமூகம் நாம். எமது அயலிலுள்ள மட்டக்களப்புத் தமிழ் மக்கள் கண்ணகியம்மனை நோக்கி மழைக்காவியம் பாடுகின்றனர். திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே வான்சிறப்பு. இப்படிப்பட்ட மண்ணில் மழையை விரட்டும் பாட்டு எதற்கு? இதுதான் எனது வாதம். கைதட்டலும் கிடைத்தது.

2024 நவம்பர் 26ஆம் திகதி, பெருவெள்ளத்தின்போது, காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையிலான வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றி வந்த உழவு இயந்திரம் நீரில் அடித்துச் செல்லப்பட்டது. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள் உயிரிழந்தார்கள். எமது பிரதேசமே அழுதது. 1978 நவம்பர் 23ஆம் திகதியின் சூறாவளியைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுடைய பிள்ளைகளுக்கும் அப்படியொரு நாள் வந்துவிட்டது.

பாடசாலை மீண்டும் திறந்தபின் ஒரு நாள் தூறல் விழுந்தது. வழமைபோல் விரலால் தட்டத் தொடங்கினேன். மழையை வா வா என்று அழைக்கும் பாட்டைப் பாடினோம். ஒரு சின்னப் பெண்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் மடிக்குள் வைத்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் போய் இருந்தேன். மெல்லக் கேட்டது: "சேர், மழைய வாணாம் எண்டு பாட ஏலாதா?"

எனக்குப் பதில் வரவில்லை. இத்தனை வருடங்கள் நான் கண்டித்து வந்த பாட்டை அந்தப் பிள்ளை தானாகவே கேட்டது. எந்த ஆங்கிலப் பாட்டும் கற்றுக் கொடுத்தல்ல, வெள்ளம் கற்றுக் கொடுத்து. மழை வேண்டும் என்று மாத்திரம் பாட வைப்பதும் ஒரு பொய் வானம்தான் என்பது அன்றுதான் விளங்கியது. யூன் மாதத்தில் மழைப்பாட்டுப் பாட வைத்த அதே பிழையை இன்னொரு விதமாகச் செய்துகொண்டிருந்தேன்.

அன்றிரவு உம்மாவிடம் இதைச் சொன்னேன். உம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர். "அடைமழைக்கு ஓதுற துஆ இருக்கே மகன்" என்றார். புகாரியில் வரும் ஹதீஸ் எனக்கும் தெரிந்ததுதான். வெள்ளிக்கிழமை ஒருவர் வந்து வரட்சியை முறையிட, நபி (ஸல்) அவர்கள் மழைக்காகப் பிரார்த்தித்தார்கள். அடுத்த வெள்ளி வரை மழை ஓயவில்லை. மீண்டும் முறையீடு வந்தபோது மழையை நிறுத்திவிடு என்று அவர்கள் கேட்கவில்லை. எங்களைச் சுற்றிலும் பெய்யட்டும், எங்கள் மீது வேண்டாம் என்ற கருத்திலும், குன்றுகளுக்கும் ஓடைகளுக்கும் மரம் முளைக்கும் இடங்களுக்கும் போகட்டும் என்ற கருத்திலும் பிரார்த்தித்தார்கள். மழைக்கு ஒரு விலாசம் கொடுத்தார்கள். வான்சிறப்பு அதிகாரத்தில் வள்ளுவரும், கெடுப்பதும் அதே மழை, கெட்டவரைத் தூக்கி நிறுத்துவதும் அதே மழை என்ற கருத்தைச் சொல்லியிருக்கின்றார். மரபைத் துணைக்கழைத்துப் பேசிய நான் மரபின் ஒரு பாதியையே படித்திருக்கின்றேன்.

மறுநாள் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டேன். மழை எங்கே பெய்ய வேண்டும்? பிள்ளைகள் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அதைப் பாட்டாக்கினோம்.

வயலுக்கு வா மழையே
வாய்க்காலுக்கு வா மழையே
குளத்துக்கு வா மழையே
கூரைக்கும் வா மழையே
வாசல் வரைக்கும் வா மழையே
வாசப்படியில் நில் மழையே

கடைசி வரியை உரத்துப் பாடியது அந்தப் பெண்பிள்ளைதான். கையை நீட்டி, விரல்களை விரித்து, மழையை நிறுத்தியது. மழை சொன்னால் நிற்குமா என்று ஒருவன் கேட்டான். நிற்காது, அதனால் நாங்கள்தான் நிற்க வேண்டும் என்று இன்னொருவன் சொன்னான். அதிலிருந்து மேலும் இரண்டு வரிகள் பிறந்தன.

ரோட்டுக்கு மேல தண்ணி போனா
நாளைக்குப் போவோம், நில்லு தம்பி

இது அறிவுரைதானே, கட்டுரையின் தொடக்கத்தில் அறிவுரையைக் குறை சொன்னீரே என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. அறிவுரைதான். ஆனால் பெரியவர் மேலேயிருந்து சொன்ன அறிவுரை அல்ல. ஒரு பிள்ளை, தான் கண்டதிலிருந்து, இன்னொரு பிள்ளைக்குச் சொன்னது. யன்னலுக்கு வெளியே பார்த்துப் பிறந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி நாட்டைப் புரட்டிப் போட்டு நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறித்த நாட்களில், எமது ஊர் வீடொன்றில் வெளியே புறப்பட்ட தகப்பனை அவருடைய மகன் இந்த இரண்டு வரிகளைப் பாடி மறித்ததாக அந்தத் தகப்பனே என்னிடம் சொன்னார். அவர் போகவில்லை. ஒரு சிறுவர் பாடலுக்கு இதை விடப் பெரிய பரிசு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

முடிவாக எமது எழுத்தாளர்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவருக்குப் பாடல் எழுதும்போது மேசையை யன்னலோரம் போடுங்கள். கச்சானுக்கு ஒரு பாட்டு, வாடைக்கு ஒரு பாட்டு, வாய்க்கால் தண்ணீருக்கு ஒரு பாட்டு, வெள்ளத்துக்கு ஒரு பாட்டு எழுதுங்கள். மலைநாட்டுக் கவிஞர் மண்சரிவைப் பாடட்டும். புத்தளத்துக் கவிஞர் உப்பளத்து வெயிலைப் பாடட்டும். மன்னார்க் கவிஞர் வரட்சியைப் பாடட்டும். ஒவ்வொரு பாட்டிலும் ஒரு வரியைத் திறந்து விடுங்கள். பிள்ளை அதை நிரப்பும். உம்மம்மாமார் இருக்கும்போதே அவர்களிடமுள்ள துண்டுப் பாட்டுகளைக் கேட்டு எழுதி வையுங்கள். அவற்றின் விலை அவர்களுக்கும் தெரியாது, எமக்கும் தெரியாது.

அந்தப் பெண்பிள்ளை இப்போது தரம் மூன்றில் படிக்கின்றது. மழை தூறினால் இப்போதும் யன்னலோரம் போய் நின்று வெளியே பார்க்கின்றது. மழை இன்னும் வாசற்படிக்கு வரவில்லை என்று கண்டபின் வந்து அமர்ந்து பாடுகின்றது.